பச்சை குத்துவதும் பதினெட்டு வயதும்

என் பாட்டியாரின் வலக் கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு கோலம் இருந்தது. மாவினால் இட்ட கோலமன்று; ஊசியினால் குத்திய கோலம். நான்கு புள்ளிகள்; அவற்றைச் சுற்றி வளைந்தோடும் ஒரு கோடு; அதன் அருகே தேளைப் போன்ற ஓர் உருவம். எண்பது வயதைக் கடந்து தோல் சுருங்கிய பின்னரும் அந்தப் பச்சை மறையவில்லை. நான் சிறுவனாக இருந்தபொழுது ஒருநாள் அவர் மடியில் படுத்துக்கொண்டு, அது எப்படி வந்தது என்று கேட்டேன். தமக்கு ஏழு வயதானபோது ஊருக்கு வந்த குறத்தி குத்தியது என்றும், அதற்குக் கூலியாகத் தம் தாயார் இரண்டு படி நெல் அளந்தார் என்றும் சொன்னார். "உன்னைக் கேட்டார்களா, பாட்டி?" என்றேன். "என்னை எதற்கடா கேட்க வேண்டும்? அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் குத்தினாள்" என்று சொல்லிச் சிரித்தார்.

கேட்க வேண்டுமா, வேண்டாவா? கேட்பதாயின் யாரைக் கேட்பது? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். இதை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர் எங்கள் அடுத்த வீட்டு மாணவர். வயது பதினாறு; பதினோராம் வகுப்பில் பயில்கிறார். கழுத்தின் பின்புறத்தில் டாட்டூ குத்திக்கொள்ள வேண்டுமென்று ஒரு கடைக்குச் சென்றிருக்கிறார். கடைக்காரர் ஒரு தாளை நீட்டி, "அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா, தம்பி" என்று அனுப்பிவிட்டார். அப்பா மறுத்துவிட்டார். நான் சட்டம் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். ஆகையால் வழக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. "மாமா, தோல் என்னுடையது. கையெழுத்து மட்டும் ஏன் அப்பாவுடையதாக இருக்க வேண்டும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. இதற்கு மிகத் தெளிவாக விடை கூறிய நாடு பிரிட்டன் என்பதால், முதலில் அந்நாட்டிற்குச் செல்வோம்.

1967-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்ட ஏடுகளில் ஒரு வழக்குப் பதிவாகியுள்ளது. 12 வயதும் 13 வயதும் உடைய இரு சிறுவர்கள் பச்சை குத்துபவர் ஒருவரிடம் சென்று, கைகளில் குத்திக்கொண்டார்கள். கைகள் வீங்கி வலியெடுத்தன. குத்தியவர் மீது, உடலுக்குத் தீங்கு விளைவித்த குற்றம் சாட்டப்பட்டது. "அவர்களாகவே வந்தார்கள், அவர்கள் கேட்டதைத்தான் செய்தேன்" என்பதே அவருடைய வாதத்தின் சாரம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செயலின் தன்மையை உணர இயலாத வயதினர் தலையசைத்தால் அது சம்மதம் போலத் தோன்றுமேயன்றிச் சம்மதம் ஆகாது என்று கருதி, அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

இவ்வழக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவரில் ஒருவராவது எழுந்து, "பச்சை குத்துவது என்றால் என்னவென்று அந்தப் பையன்களுக்குத் தெரியாதா, ஐயா?" என்று கேட்பதுண்டு. தெரிந்தேதான் போனார்கள், ஐயமில்லை. ஊசி குத்தும், வலிக்கும், படம் வரும் என்ற அளவில் அறிந்திருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே படம் அதே கையில் இருக்கும் என்பதைப் பன்னிரண்டு வயதில் எண்ணிப் பார்க்க இயலுமா என்பதே கேள்வி. அதற்காக ஒவ்வொரு சிறுவனையும் நீதிமன்றத்தில் நிறுத்தி, அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று அளந்துகொண்டிருப்பது நடக்கக்கூடிய காரியமன்று. நாடாளுமன்றம் ஒரு கோட்டைக் கிழித்துவிடுவதே எளிது.

1969-ஆம் ஆண்டில் கிழித்தது. 'வயது வராதோருக்குப் பச்சை குத்துதல் பற்றிய சட்டம்' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். மிகச் சிறிய சட்டம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். 18 வயது நிரம்பாத எவருக்கும் பச்சை குத்துவது குற்றம் என்கிறது. குற்றவாளி குத்துபவரே, குத்திக்கொண்ட பிள்ளையின் மீது இச்சட்டம் கை வைப்பதில்லை. 18 நிரம்பியவர் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, உண்மையாகவே அவ்வாறு நம்பியிருந்தால் குத்தியவர் தப்பலாம். மருத்துவ காரணத்துக்காக மருத்துவரோ, அவர் மேற்பார்வையில் பணிபுரிபவரோ செய்வது மட்டும் விலக்கு. மருத்துவத்தில் பச்சைக்கு என்ன வேலை என்று வியக்க வேண்டாம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும்போது, ஒவ்வொரு முறையும் கதிர் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காகத் தோலில் கடுகளவு புள்ளிகளைக் குத்தி வைக்கும் வழக்கம் உண்டு.

இச்சட்டத்தில் இல்லாத ஒன்றுதான் நம் கவனத்துக்கு உரியது. பெற்றோர் சம்மதித்தால் குத்தலாம் என்ற சொல் இதில் எங்குமே இல்லை. தந்தை கையெழுத்திட்டாலும் குற்றம் குற்றமே; தாய் அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாலும் குற்றமே. பிள்ளைக்கும் உரிமை இல்லை, பெற்றோருக்கும் உரிமை இல்லை என்றால் அந்தத் தோல் யாருடையது? நாளை 18 வயது நிரம்பப் போகிற அந்த மனிதருடையது. அவர் வந்து தீர்மானிக்கும் வரையில் இடத்தைக் காலியாக வைத்திருங்கள் என்று சட்டம் சொல்வதாக நான் பொருள் கொள்கிறேன்.

அதே 1969-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. வயது வந்தவர் ஆவதற்குரிய வயதை 21-இலிருந்து 18-ஆக அது குறைத்தது. 16 வயது நிரம்பியவர், அறுவைச் சிகிச்சைக்குப் பெற்றோரின் கையெழுத்து இன்றித் தாமே சம்மதம் தரலாம் என்றும் கூறியது. அதாவது, பதினாறு வயதுப் பெண் தன் வயிற்றைக் கிழித்துக் குடல்வாலை அகற்றத் தானே ஒப்பமிடலாம்; மணிக்கட்டில் ஒரு பூவை வரைந்துகொள்ள ஒப்பமிட முடியாது! இது முரண்பாடு என்று சிலர் நகைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோய் பதினெட்டு வயது வரையில் காத்திராது, பூ காத்திருக்கும்.

பிரான்ஸ் வேறு வழியைப் பின்பற்றுகிறது. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஆணைப்படி, வயது வராதவருக்குப் பச்சை குத்தவோ உடலில் துளையிடவோ பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அச்சம்மதத்துக்கான சான்றை மூன்றாண்டுக் காலம் கேட்டபோது காட்டக்கூடியவராகக் கடைக்காரர் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 18 வயதுக்குக் கீழே பச்சை குத்துவது குற்றம். ஆக, உலகில் இரு கொள்கைகள் நிலவுகின்றன: பெற்றோர் பேசட்டும் என்பது ஒன்று, எவரும் பேச வேண்டாம், பொறுத்திருங்கள் என்பது மற்றொன்று.

நம் நாட்டில் எது? மத்திய அரசின் சட்டங்களில், இன்ன வயதில் பச்சை குத்தலாம் என்று தனியே கூறும் சட்டம் இல்லை. அடுத்த வீட்டு மாணவரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. சற்றுப் பொறுங்கள் என்றேன். தனிச் சட்டம் இல்லையென்றால் பொதுச் சட்டம் இல்லை என்று பொருளல்லவே.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 87-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வழங்குகிறது. அதில் இதே விதி 25-ஆவது பிரிவாக அமர்ந்திருக்கிறது. மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் எண்ணமின்றிச் செய்யும் செயலால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அவர் அதற்குச் சம்மதித்திருந்தால், அது குற்றமாகாது என்பது அவ்விதி. பொழுதுபோக்காக வாட்போர் பழகும் இருவரைச் சட்டம் எடுத்துக்காட்டாகக் கூறும். இந்தச் சலுகை 18 வயதுக்கு மேற்பட்டவர் தரும் சம்மதத்துக்கே உரியது. பிரிட்டன் பச்சைக்கு 18 என்று வகுப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே, நம்முடைய தண்டனைச் சட்டத்தில் அந்த எண் எழுதப்பட்டிருந்தது! 18-க்குக் கீழ்ப்பட்டவருக்குச் செய்யும் காரியமாயின், அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததா என்ற கேள்வி எழும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையாயின், அதன் நன்மைக்காகக் காப்பாளரின் சம்மதத்தோடு செய்ததா என்று பார்ப்பார்கள். பல் மருத்துவர் பல்லைப் பிடுங்குவது நன்மை, அதில் ஐயமில்லை. கழுத்தில் ஒரு நடிகரின் பெயரைக் குத்துவது எந்த நன்மையில் சேரும்? கடைக்காரர் அதற்கு விடை தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடையில் கொடுக்கும் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எது நேர்ந்தாலும் பொறுப்பு எனதே" என்று அச்சடித்த தாளில் மாணவர்கள் கையெழுத்திடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர் அல்லர். 1903-இல் பிரிவி கவுன்சில், வங்காளத்து மைனர் ஒருவர் எழுதிக் கொடுத்த அடமானப் பத்திரத்தைப் பற்றிய வழக்கில், மைனரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. பதினாறு வயதுக் கையெழுத்து அந்தக் கடைத் தாளில் மை செலவானதைத் தவிர வேறு பயன் தராது. இதை அறிந்த கடைக்காரர்தான் "அப்பாவிடம் வாங்கி வா" என்கிறார்.

சரி, அப்பா கையெழுத்திட்டால்? இங்கேதான் நான் உங்களைச் சற்று நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மைனரின் பெயரில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்ற தந்தையே ஆனாலும், நீதிமன்றத்தின் முன் அனுமதி இன்றி அதை விற்க முடியாது. அடமானம் வைக்கவும் முடியாது. அனுமதியின்றி விற்றுவிட்டால், பிள்ளை வயது வந்தபின் வழக்காடி அவ்விற்பனையை நீக்கிக்கொள்ளலாம். அரைக் காணி நிலத்துக்கு இத்தனை காவல்! அதே பிள்ளையின் கழுத்தில், வாழ்நாள் முழுதும் அழியாத ஒன்றை எழுத, தந்தையின் ஒரு கையெழுத்துப் போதுமா? நிலத்தை மீட்க வழக்கு உண்டு. தோலை மீட்க எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது? இக்காரணத்தால்தான் பச்சையைப் பொறுத்த வரையில் பிரெஞ்சு வழியைவிடப் பிரிட்டிஷ் வழியே நமக்கு ஏற்றது என்று நான் கருதுகிறேன்.

அழியாதது என்று சொன்னேன். ஏன் அழிவதில்லை? தோலின் மேல் அடுக்கு நாள்தோறும் உதிர்ந்து புதிதாகிறது. மை அங்கே நின்றால் சில வாரங்களில் போய்விடும். மருதாணி போவதைக் காண்கிறோம் அல்லவா? பச்சை குத்தும் ஊசி அந்த அடுக்கைத் தாண்டி, உள் தோலில் மையைச் சேர்க்கிறது. 1891-இல் நியூயார்க்கில் மின்விசையால் இயங்கும் பச்சை குத்தும் கருவிக்குக் காப்புரிமை பெறப்பட்டது. எடிசனின் மின்பேனாவே அதற்கு மூலம். குறத்தியின் கை ஊசியாயினும், இந்தக் கருவியாயினும், போய்ச் சேரும் இடம் ஒன்றே. அந்நியப் பொருள் உள்ளே புகுந்துவிட்டது என்று உடம்பு தன் காவல் அணுக்களை அனுப்புகிறது. அவை மையை விழுங்குகின்றன. செரிக்க இயலாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஓர் அணு இறந்தால், அது விட்ட மையை அடுத்து வரும் அணு எடுத்து விழுங்குகிறது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வில் இதைக் கண்டு, 2018-இல் வெளியிட்டார்கள். பரம்பரைச் சொத்துப் போலக் கை மாறுகிறதேயன்றிக் குடும்பத்தை விட்டுப் போவதில்லை. லேசர் ஒளியால் மையைத் தூளாக்கி நீக்கும் சிகிச்சை உண்டு. அதற்குப் பல அமர்வுகள் வேண்டும், சில நிறங்கள் எளிதில் அசையா, தழும்பும் நேரலாம்.

காது குத்துவது இவ்வாறு அன்று. மடலில் இட்ட சிறு துளை, அணியாமல் விட்டால் நாளடைவில் பெரும்பாலும் தூர்ந்துவிடும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தட்டாரை அழைத்துக் காது குத்தும் வழக்கத்தைக் குற்றம் என்று கூற எனக்கு மனம் வராது. எனினும் காதிலும் ஓர் எல்லை உண்டு. தென்பாண்டிச் சீமையில் சிறுமியரின் காதுத் துளையில் ஓலைச் சுருளைச் செருகி, பின் கனமான குணுக்குகளை மாட்டி, மடல் தோளைத் தொடும்படி வளர்த்தார்கள். அதில் பாம்படம் தொங்கியது. அது அழகு என்று கருதப்பட்ட காலம் போயிற்று. பின்னாளில் அப்பெண்களில் பலர், தொங்கிய மடலை அறுத்துத் தைத்துக்கொள்ள மருத்துவரை நாடினார்கள். காதை வளர்த்த தாயர் அன்பில்லாதவர்கள் அல்லர். தங்கள் காலத்து அழகைத் தங்கள் மகளின் காலத்துக்கும் அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது மாணவர் விரும்புவது மடலன்று. காதின் மேற்புறக் குருத்தெலும்பு, புருவம், நாக்கு. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே குலையக்கூடும். நன்றாக ஆறவே பல மாதங்கள் செல்லும். வேல்ஸ் நாட்டில் 2017-இல் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் நாக்கிலும் மறைவிடங்களிலும் துளையிடுவதைத் தடுத்தது. 2018 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. காது மடலை அது தொடவில்லை. நம் திருச்சிராப்பள்ளியிலேயே 2024 டிசம்பரில், மருத்துவத் தகுதியின்றி நாக்கைப் பிளந்துவிடும் வேலையைச் செய்த பச்சை குத்தும் கடைக்காரர் கைது செய்யப்பட்டார். பாம்பின் நாக்கு வேண்டுமென்று மனிதர் விரும்புவார்கள் என்பதை மக்காலே பிரபு எண்ணியிருக்க மாட்டார்.

நோயைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் மஞ்சட்காமாலைக் கிருமி பரவும். இந்த அச்சத்தால் நியூயார்க் நகரம் 1961-இல் பச்சை குத்துவதையே தடை செய்து, 1997-இல்தான் தடையை நீக்கியது. நம் நாட்டு இரத்த வங்கிகளின் விதிப்படி, பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டுக் காலம் இரத்த தானம் செய்யக் கூடாது. இராணுவத்தில் சேரும் ஆவல் உடையவர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். பழங்குடி மக்களின் வழக்கத்துக்குத் தனி விலக்கு உண்டு. ஏனையோருக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையை மட்டுமே தரைப்படையின் ஆள்சேர்ப்பு விதிகள் அனுமதிக்கின்றன. பதினேழரை வயதில் அந்த வரிசையில் போய் நிற்கலாம். பதினாறில் கழுத்தில் குத்தியது அங்கே முன்னால் வந்து நிற்கும். அடுத்த வீட்டு மாணவர் இதைக் கேட்டபோதுதான் முதன்முறையாக மௌனமானார். அவருடைய மாமன் ஒருவர் படையில் இருக்கிறார்.

சட்டம் இயற்றும் பொறுப்பு என் கையில் இருந்தால் பச்சைக்கு 18 என்று ஒரே வரியில் எழுதிவிடுவேன். துளையிடுவதற்கு மட்டும் பெற்றோர் சம்மதத்தை ஏற்பேன். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பேசவும் விளங்கிக்கொள்ளவும் தெரிந்த வயதுப் பிள்ளையாயின், பெற்றோரின் சம்மதம் பிள்ளையின் சம்மதத்தோடு கூடச் சேர வேண்டும். அதற்குப் பதிலாக நிற்கக் கூடாது. பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கும் விதிகளைப் படித்துப் பாருங்கள்: பிள்ளை வேண்டுகிறது, பெற்றோர் தடுக்கிறார்கள் என்றே அவை எண்ணிக்கொள்கின்றன. பெற்றோர் வேண்டிப் பிள்ளை மறுக்கும் நிலையை அவை நினைப்பதே இல்லை.

இதைப் பற்றி மூன்று மாலைகள் நாங்கள் பேசினோம். மூன்றாம் நாள் எழுந்து போகும்போது அவர் வாசலில் நின்று, "மாமா, வெள்ளிக்கிழமை தங்கைக்கு மூக்குக் குத்தத் தட்டாரை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்று இரண்டு நாளாய் அழுகிறாள். அதற்கு ஏதாவது சட்டம் உண்டா?" என்று கேட்டார். ஒன்பது வயதுச் சிறுமி; என் பேத்தியோடு விளையாடுபவள். சட்டம் இல்லை என்று சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவருடனேயே அவர் வீட்டுக்குப் போனேன். தந்தையாரும் நானும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் என் பாட்டியாரின் கையைப் பற்றியும் சொன்னேன். வெள்ளிக்கிழமை தட்டார் வரவில்லை. அந்தப் பெண் தானாகக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.